30 பவுண்டுக்கு ஒரு குரல்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டலில் அமுங்கிப்போன ஓரிரு வரிகளை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒரு கடைத் திறப்பு விழாவை முடித்துக்கொண்டு கழுத்து மாலையோடு நேராக இங்கே வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் நான் பேச வேண்டியதில் பாதியைப் பேசிவிட்ட நூலகர் அவர்களே, நன்றியுரைக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே, மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருக்கும் மைக்செட் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமை ஆசிரியர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே போக முடியாது. ஒரு மழைக்காலம் முழுக்க நூலகத்துப் புத்தகங்களைத் தன் வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்துக் காப்பாற்றியவர் அவர். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கதைப் புத்தகங்களுக்கும் அகராதிகளுக்கும் நடுவில்தான் சாப்பிட்டார்கள். வணிகர் சங்கத் தலைவர் இந்த விழாவுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார். நிறைய பேர் வருவீர்கள் என்று என்னைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான். நகர்மன்ற உறுப்பினர் உள்ளே வரும்போது நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இந்த வருஷம் வெள்ளைக்காரன் பாட்டா?" என்று கேட்டார். ஆமாங்க, வெள்ளைக்காரன் பாட்டுதான். ஆனால் நம் ஊர்ப் பழமொழி ஒன்றை வைத்துத்தான் அதை அளக்கப் போகிறேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழமொழி இன்று ஒரு முறையோடு நிற்காது என்பதும் தெரியும்.

எடுத்துக்கொண்ட பொருள், பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற இசைத்தட்டு. அரை நூற்றாண்டு தாண்டியும் அது ஏன் சலிக்கவில்லை என்று மூன்று கோணத்தில் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அதன் ஒலி. இரண்டு, அந்த அட்டைப்படம். மூன்று, பாடல் வரிகள். மனம் பிறழ்ந்துபோன ஒரு நண்பனின் நிழல் அந்த வரிகளில் எப்படி விழுகிறது என்பது. தலைவர் அம்மா அனுமதிக்கும் நேரத்தைப் பொறுத்து.

முதலில் சில எண்கள். எண்ணைச் சொல்லாவிட்டால் வணிகர் சங்கத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள். இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இந்தத் தட்டு முதல் இடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். சொந்த நாடான பிரிட்டனில் முதல் இடத்தையே தொடவில்லை. இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அமெரிக்கப் பட்டியலில் 1973-லிருந்து 1988 வரை அது இருந்த வாரங்கள் 741. பதினாலு வருஷத்துக்கு மேல் வருகிறது. அது வந்தபோது பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வரைக்கும் பட்டியலில் இருந்திருக்கிறது. உலகம் முழுக்க நாலரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு வாரம் உச்சியில் இருந்தது பெரிய விஷயமில்லை, அப்படி எத்தனையோ தட்டுகள் இருந்திருக்கின்றன. இறங்கிப் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டதே, அதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக நான்கு பெயர்களைப் பதிலாகச் சொல்வார்கள். பேஸ் கிட்டாரும் வரிகளும் ரோஜர் வாட்டர்ஸ். கிட்டாரும் குரலும் டேவிட் கில்மோர். கீபோர்டு ரிச்சர்ட் ரைட். டிரம்ஸ் நிக் மேசன். நான்கு பேரும் பெரிய ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு பேர் இழுத்து நகர்ந்த தேரை நான் பார்த்ததில்லை.

லண்டனில் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் 1972 மே மாதம் பதிவைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே இந்த இசை முழுவதையும் மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1972 ஜனவரியில் பிரைட்டனில் முதல் அரங்கேற்றம். அது ஒலிநாடாக் கோளாறில் பாதியில் நின்றுபோனது. அப்படியும் விடாமல் ஊர் ஊராக வாசித்தார்கள், ஜனங்கள் முகத்தைப் பார்த்து மாற்றினார்கள், மறுபடி வாசித்தார்கள். ரசிகன் முன்னால் அடிபட்டுத் தேறிய பிறகு ஸ்டூடியோவுக்குள் போன இசை அது.

ஸ்டூடியோவுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ், இருபத்து நான்கு வயதுப் பையன், வாரச் சம்பளம் 35 பவுண்டு. 'டைம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் ஒரு பட்டாளம் கடிகாரங்கள் சேர்ந்து அடிக்குமே, அது அவர் கைவேலை. நாலு ஸ்பீக்கர் முறையைப் பரிசோதிப்பதற்காக ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரமாகப் பதிந்து வைத்திருந்தார். குழுவினர் இந்தப் பாட்டை எடுத்தபோது, என்னிடம் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று போட்டுக் காட்டினார். அது இல்லாமல் இன்று அந்தப் பாட்டை நினைக்க முடியுமா?

'மணி' என்ற பாட்டு. மணி என்றால் பணம், கோயில் மணி இல்லை. அதில் கல்லாப்பெட்டி சத்தமும் காசு குலுங்கும் சத்தமும் தாளமாக வரும். வாட்டர்ஸின் மனைவி மண்பாண்டக் கலைஞர். அவர் களிமண் பிசையும் பெரிய கலத்தில் காசுகளை எறிந்து பதிந்தார்கள். பிறகு ஒலிநாடாவைக் கத்தரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, துண்டு துண்டாக ஒட்டி ஒரு வளையமாக்கினார்கள். மொத்தம் ஏழு சத்தம், ஏழு அட்சரம். மிருதங்கம் கற்றவர்கள் இங்கே இருந்தால் கையில் மிஸ்ர சாபு போட்டுக்கொண்டே கேட்கலாம், சரியாக வந்து உட்காரும். டிக் பாரியின் சாக்ஸபோன் அந்த ஏழிலேயே நடக்கும். கில்மோரின் கிட்டார் வரும்போது நாலுக்கு மாறி ஓட்டம் பிடிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இன்று ஒரு பொத்தானில் முடிகிற வேலையைக் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் கொண்டு செய்திருக்கிறார்கள்.

'ஆன் தி ரன்' என்று பாட்டே இல்லாத ஒரு பகுதி. எட்டே சுரத்தை சின்தசைசர் என்ற சின்ன மின்னணு இசைக்கருவியில் ஏற்றி வேகமாக ஓட விட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் மூச்சிரைக்க ஓடுவார் பாருங்கள், அவர் உதவி இன்ஜினியர் பீட்டர் ஜேம்ஸ். அமெரிக்காவில் அச்சான முதல் பிரதிகளில் அவர் பெயரை பீட்டர் ஜோன்ஸ் என்று போட்டுவிட்டார்கள். ஓடியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் பிறக்காதவர்!

கடைசியில் எல்லாவற்றையும் கலக்கும் கட்டத்தில் சண்டை வந்தது. எதிரொலி இல்லாமல் உலர்ந்த ஒலியாக இருக்கட்டும் என்பது வாட்டர்ஸ் கட்சி. எதிரொலி ததும்பட்டும் என்பது கில்மோர் கட்சி. நடுவில் கிறிஸ் தாமஸ் என்பவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற ஆள் இருப்பாரே, அவர் கட்டையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். கிறிஸ் தாமஸ் அந்த ஆள்.

சரி, இப்போது நான் எதற்காக வந்தேனோ அந்தக் கதைக்கு வருகிறேன். தலைவர் அம்மா, இதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக நேரம் கொடுங்கள்.

ரிச்சர்ட் ரைட் ஒரு பியானோ இசை அமைத்திருந்தார். சாவைப் பற்றிய பகுதி. மேடையில் வாசித்தபோது அதன் மேல் பைபிள் வாசகங்களை ஓட விட்டுப் பார்த்தார்கள். விண்வெளி வீரர்களின் பேச்சை வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. ஒரு பெண் குரல் இருந்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. ஆலன் பார்சன்ஸ், எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும் என்றார். கிளேர் டோரி, வயது 25. பிறருக்குப் பாட்டு எழுதிக்கொண்டு, கூப்பிட்ட இடத்தில் போய்ப் பாடிவிட்டு வருகிற பெண்.

போன் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்தக் குழுவின் மேல் பெரிய அபிமானம் எதுவும் கிடையாது. சனிக்கிழமை வர முடியாது, கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன் என்றார். யார் கச்சேரி? அமெரிக்க ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் சக் பெர்ரி கச்சேரி. அதைவிட்டு இதற்கு வருவாரா? ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவு என்று ஏற்பாடானது, 1973 ஜனவரியில். ஞாயிறு என்றால் இரட்டைக் கூலி. பதினைந்து பவுண்டு முப்பதாகும். அந்த முப்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தார். பியானோ இசையைப் போட்டுக் காட்டினார்கள். என்ன பாட வேண்டும் என்று கேட்டார். தெரியாது என்றார்கள். வரிகள் எங்கே? வரிகள் இல்லை. ராகமாவது சொல்லுங்கள் என்றால் அதுவும் இல்லை. சாவைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பெண் என்ன செய்வார்? வழக்கமான பாட்டுக்காரி மாதிரி 'பேபி பேபி' என்று தொடங்கினார். உடனே நிறுத்தி, அதெல்லாம் வேண்டாம், சொல்லே வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது: நான் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு பாடிவிடுவோம்.

பாடினார். வார்த்தை கிடையாது, மனிதக் குரல் மட்டும். முதலில் கதறல், பிறகு சண்டை, பிறகு கெஞ்சல், கடைசியில் ஒரு தாய் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி அடங்கும். இப்படி இரண்டு முறை பாடி, மூன்றாவது முறை பாதியில் அவரே நிறுத்திவிட்டார். பாடியதையே திரும்பப் பாடுகிறேன் என்று தோன்றிவிட்டதாம். வெளியே வந்தார். நான்கு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலேயர்கள் இல்லையா, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார்கள். அதிகமாகக் கத்திவிட்டோமோ என்று அந்தப் பெண்ணுக்கு வெட்கம். இது வெளியே வராது என்று நினைத்துக்கொண்டு, முப்பது பவுண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒருநாள் லண்டனில் ஒரு இசைத்தட்டுக் கடை. புதுத் தட்டு ஒன்று வந்திருக்கிறது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. தன் குரல் வெளிவந்த சேதியையே அவர் கடையில்தான் தெரிந்துகொண்டார்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்பது அந்தப் பகுதியின் பெயர். பாடியவர் என்று அவர் பெயரைப் போட்டார்கள். அந்த மட்டுக்கு நாகரிகமானவர்கள். ஆனால் இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட் பெயர் மட்டும். ராகம் சொல்லாமல், வரி கொடுக்காமல் நிற்க வைத்து, அந்தப் பெண் நின்ற இடத்தில் உண்டாக்கிய மெட்டு யாருடையது? முப்பது வருஷம் கழித்து, 2004-ல் கிளேர் டோரி வழக்குப் போட்டார். 2005-ல் சமரசமாக முடிந்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வெளியிடவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பதிப்புகளில் ரைட் பெயரோடு டோரி பெயரும் சேர்ந்து வருகிறது. (கைதட்டல். தலைவர் அம்மாவும் தட்டினார் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். சரி, இழுத்தாயிற்று. தேர் நிலைக்கு வந்த பிறகு கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது?

இதை நான் ஏன் இவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்றால், இந்தத் தட்டை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டில். எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் ஏற்றித் தருவார்களே, அது. உறையில் பால்பாயின்ட் பேனாவில் 'பிங்க் பிளாய்டு' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெண் குரலைக் கேட்டு அறையில் நாங்கள் எல்லோரும் பேச்சு மறந்து உட்கார்ந்திருந்தோம். யார் இவர் என்று கேட்டோம். சொல்ல அறையில் ஆள் இல்லை.

நம்முடைய பாட்டுகளுக்கு வாருங்கள். பழைய சினிமாப் பாட்டு ஒன்று உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பல்லவிக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும், அதை வாயாலேயே வாசித்துக் காட்டுவீர்கள். வாசித்தவர் யார்? இசையமைப்பாளர் தெரியும், பாடியவர் தெரியும், எழுதியவர் தெரியும், நடித்தவர் கட்டியிருந்த சேலையின் நிறம்கூடத் தெரியும். புல்லாங்குழல் யார்? ஏ.ஆர்.ரஹ்மான் வந்த பிறகு கேசட் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரையும் சவுண்ட் இன்ஜினியர் பெயரையும் பொடி எழுத்தில் பார்த்தோம். அந்த வழக்கத்துக்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். இப்போது உறையும் போய்விட்டது. போனில் மூன்று புள்ளியைத் தொட்டு உள்ளே போனால் சில பாட்டுக்குக் கொஞ்சம் பெயர்கள் கிடைக்கின்றன. பழைய தமிழ்ப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் அந்த மூன்று பெயரோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 38பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாடியவரோ வாசித்தவரோ, இதைச் செய்தது நான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை உள்ளவர் என்கிறது அது. கூடவே ஒரு விதிவிலக்கு: பயன்படுத்தும் விதத்தால் பெயரை விடவேண்டி வந்தால் தவிர, என்று. அந்த ஒரு விதிவிலக்கு போதாதா? யானையே நுழையும். அதனால்தான் எங்கள் வாசகர் வட்டம் ஒரு கையெழுத்து இயக்கம் நடத்துகிறது. பழைய பதிவுகளின் குறிப்பேடுகள் எந்த நிறுவனத்திடம் இருந்தாலும் வாத்தியக்காரர் பெயர்களை வெளியிட வேண்டும். வானொலியில் பாட்டுப் போடும்போது ஒரு வாத்தியக்காரர் பெயரையாவது சொல்ல வேண்டும். வாசித்த கலைஞர்கள் பலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வைக்க இதுதான் சமயம்.

இந்த விழா நோட்டீஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். தலைமை, முன்னிலை, வரவேற்பு, சிறப்புரை, நன்றியுரை, எல்லாப் பெயரும் இருக்கிறது. அடியில் அச்சகத்தின் பெயர் தவறாமல் வந்திருக்கிறது. நான் பேசுவதைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகிற மைக்செட் தம்பி பெயர் இல்லை. அடுத்த வருஷம் போடுவோம் என்று செயலாளர் தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்தீர்கள் இல்லையா?

அட்டைப்படத்துக்கு வருகிறேன். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டகம், ஒருபக்கம் வெள்ளைக் கோடு நுழைந்து மறுபக்கம் வண்ணமாக விரிகிறது. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. ஹிப்னாஸிஸ் என்ற நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரே பவலும் கொண்டுவந்த யோசனை. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. தார்கர்சன் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஹார்டி பெயரை இன்று நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். எண்ணிப் பாருங்கள், ஆறு வண்ணம்தான் இருக்கும், கருநீலத்தை விட்டுவிட்டார்கள். இதோடு அட்டையை முடிக்கிறேன், கடைசி வரிசை இளைஞர்கள் அதை ஏற்கெனவே பனியனில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பாடல் வரிகள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநலம் குன்றி 1968-ல் குழுவைவிட்டு விலகியதும்... தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். அது தனியாக ஒரு மாலை பேச வேண்டிய விஷயம். ஆனால் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதிவைத்து, ஸ்டூடியோவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக இருட்டு அறையில் உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொன்னார். கடைசியாக யாரை அடித்தீர்கள், நியாயம் உங்கள் பக்கமா, சாவுக்குப் பயப்படுகிறீர்களா என்கிற மாதிரிக் கேள்விகள். அதே கட்டடத்தில் பதிவுக்கு வந்திருந்த, பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூடப் பதில் சொன்னார்கள். அவை தட்டில் சேரவில்லை. மிகவும் ஜாக்கிரதையாகப் பேசிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். சேர்ந்தது யார் பேச்சு தெரியுமா? ஸ்டூடியோவின் வாசல் காவலர், அயர்லாந்துக்காரர், ஜெரி ஓட்ரிஸ்கால். சாவுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று கிளேர் டோரியின் பகுதியில் கேட்கிற குரல் அவருடையது. தட்டின் கடைசியில் இதயத் துடிப்பு அடங்கும் இடத்தில், நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, பார்க்கப்போனால் மொத்தமும் இருட்டுதான் என்று சொல்வதும் அவர்தான். உலகப் புகழ் பெற்ற மெக்கார்ட்னியை விட்டுவிட்டு, வாசல் காவலருக்குக் கடைசி வார்த்தையைக் கொடுத்த தட்டு இது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பதை லண்டனில் யாரோ நமக்கு முன்பே படித்திருக்கிறார்கள்.

இப்போது நூலகர் தன் சொந்த இசைத்தட்டைச் சுழல விடப்போகிறார். மொத்தம் 43 நிமிடம். தயவுசெய்து நடுவில் பேச வேண்டாம், போனைப் பையில் போட்டுவிடுங்கள். நன்றியுரையை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் செயலாளர் தம்பி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதல் பக்கம் முடிந்ததும் கிளம்பலாம். கிளேர் டோரி முதல் பக்கத்தின் முடிவில்தான் வருகிறார், தவறவிட மாட்டீர்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.